பத்தாயிரம் பேருக்குச் சாப்பாடு

கையெழுத்துதானே, போடலாம். முதல்ல உக்காருங்க வக்கீலம்மா. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பேப்பரை மேஜை மேல வைங்க. ஓடிப் போயிடாது.

மூணு தடவை போன் பண்ணீங்க. மூணு தடவையும் ஐயா வீட்டுல இல்லைன்னு பதில் வந்துச்சு. ஆமா, நான்தான் எடுத்தேன், நான்தான் சொன்னேன். குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டீங்களா? சந்தோஷம். இன்னைக்கு நானே கூப்பிட்டேன்ல? நாலு மணிக்கு வாங்கன்னேன். மூணேகாலுக்கே வந்து நிக்கிறீங்க. அது என் தப்பு இல்ல.

தெரியும், தெரியும். பதினோரு பேர்ல பத்துப் பேர் போட்டாச்சு, நான் ஒருத்தன்தான் பாக்கி. சம்பளம் வாங்காம செஞ்ச வேலை. அதனால அவனவன் செஞ்சது அவனவனுக்குத்தான் சொந்தம். ஒவ்வொருத்தனும் எழுதிக் கொடுத்தாத்தான் உங்க கம்பெனி அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட முடியும். ஒருத்தன் கையை மடக்கிட்டான்னா எல்லாம் நின்னு போகும். போன்லயே மூணு தடவை கேட்டாச்சு. காது நல்லாத்தான் இருக்கு எனக்கு.

படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். முப்பத்தஞ்சு வருஷம் நிலம் அளந்தவன் நான், சர்வேயர். ஒரு கல்லு ஒரு முழம் தள்ளி நின்னாலே ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும். பாக்காம கையெழுத்துப் போடற பழக்கம் இல்ல. எங்க... ம். உணவு, படைப் போக்குவரத்து விதிகள் முழுவதும், அதுக்கு நேரா என் பேரு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. அதுக்கும் என் பேரு. சரி. பாத்தாச்சு. கீழ வைங்க.

விளையாட்டை ஆடிப் பாத்திருக்கீங்களா? இல்லையா? அது சரி. விக்கறவனும் பாக்கலை, வாங்கறவனும் பாக்கலை. அப்ப கேட்டுக்குங்க. எதுக்குக் கையெழுத்து வாங்கறோம்னு தெரியாம வாங்கக் கூடாது. நான் அதிகம் பேசறவன் இல்ல. சுருக்கமா சொல்றேன்.

பழைய காலத்து ராஜ்ஜியம். ஒரே ஒரு ஊரோட ஆரம்பிக்கணும். வயல், வரி, கோட்டை, படை. பக்கத்து ஊரைப் பிடி, அதுக்குப் பக்கத்து ஊரைப் பிடி, கடைசியில கடல் வரைக்கும் உன் கொடி. நாற்காலியில சாய்ஞ்சு உக்காந்துகிட்டு ஒருத்தன் சாம்ராஜ்ஜியம் கட்டறான். வேலைவெட்டி இல்லாதவன் ஆடறதுன்னு நினைச்சேன். அப்புறம் எனக்கும் வேலைவெட்டி இல்லாம போச்சு, ரிட்டயர் ஆயிட்டேன்.

மருமகன் ஒருநாள் காட்டினான். நான் வேற எதையும் பாக்கலை, மேப்பைத்தான் பாத்தேன். ஆறு மேட்டுல ஏறுது. மலையோட முதுகுல ஏறி அந்தப் பக்கம் இறங்குது. எனக்கு வந்துச்சே எரிச்சல்! உடனே எழுதிப் போட்டேன் அந்த விளையாட்டைச் செய்யறவங்களுக்கு: உங்க ராஜ்ஜியத்துல தண்ணி மேல ஏறுது, வரைஞ்சவன் வாழ்க்கையில ஒரு குடம் தண்ணியாவது கொட்டிப் பாத்திருக்கானா? பத்தே நிமிஷத்துல பதில். நன்றி ஐயா, நீங்களே சரி பண்ணித் தந்துடுங்க.

அதுதான் அந்தக் கூட்டத்தோட வழக்கம் வக்கீலம்மா. குறை சொன்னவன் தலையிலயே அந்த வேலையைக் கட்டிடறது. இண்டர்வியூ கிடையாது, ஆர்டர் கிடையாது. யானை நடக்கறது சரியில்லைன்னு ஒரு பல் டாக்டர் எழுதினான். ஏழு வருஷமா யானையை நடக்க வச்சிக்கிட்டு இருக்கான். அப்படிச் சேர்ந்ததுதான் பதினோரு பேரும். பதினோரு குறை சொல்லிங்க.

அந்தக் குறை சொல்லிங்க எல்லாம் சேர்ந்து ஒரு காரியம் பண்ணா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு. தலைவன் ஒரு மருந்துக்கடைக்காரன். மீசைன்னுதான் எங்க வீட்டுல அவனுக்குப் பேரு. அவனுக்கு மீசை கிடையாது. ராஜாவுக்கு மீசை கீழ்நோக்கி இருக்கணுமா மேல்நோக்கி இருக்கணுமான்னு மூணு மாசம் கூட்டம் போட்டான், அதனால அந்தப் பேரு. மூணு மாசம்! எல்லாரும் அவனவன் வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னாடி. ஒரு வரலாறு வாத்தியார் இருக்கார். எதைக் கேட்டாலும் அதுக்குச் சான்று இல்லைன்னு ஒரு வார்த்தை. மீசை இருந்ததுக்கும் சான்று இல்லை, இல்லாததுக்கும் சான்று இல்லை. ஒரு நர்ஸம்மா, அவங்கதான் சத்தம் எல்லாம் சேர்க்கறவங்க. யானை பிளிறணும், யானைக்கு எங்க போறது? வீட்டுக்காரர் தூங்கும்போது குறட்டையைப் பிடிச்சு, வேகத்தைக் குறைச்சுப் போட்டுட்டாங்க. அது ஒண்ணுதான் அந்த விளையாட்டுல யாரும் குறை சொல்லாத விஷயம்.

சிரிக்காதீங்க. சிரிக்கற விஷயம் இல்ல. சம்பளம் இல்லாத இடத்துல மனுஷன் கோபத்தைச் சம்பளமா எடுத்துக்கறான். எதிர்த்துப் பேச மாட்டான். வாய மூடிக்கிட்டு மூணு வாரம் காணாம போயிடுவான். இவன் போய் அவன் காலைப் பிடிக்கணும். எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு கேவலம் பாத்ததில்ல, அங்க சஸ்பெண்ட்னு ஒண்ணு இருந்துச்சு.

நான் ஆத்தை இறக்கிக் கொடுத்தேன். மலையை மலையாக்கினேன். ரெண்டு வருஷ வேலை. அதெல்லாம் இப்ப இல்ல. உங்க கம்பெனிக்காரங்க புது மேப் வரைஞ்சுட்டாங்க, கலரா. அதுல ஆறு மறுபடியும் எப்படியோ ஓடுது. போகட்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வரேன்.

ஒருநாள் மீசை ஒரு படையெடுப்பைக் காட்டறான். பத்தாயிரம் பேரு, ரெண்டாயிரம் குதிரை, நூறு யானை. மூணு மாசம் நடக்கறாங்க. பாலைவனத்தைத் தாண்டறாங்க. கோட்டையைச் சுத்தி நிக்கறாங்க. இங்க, இதே மேஜையில, ஸ்கிரீனைப் பாத்துட்டு ஒரு கேள்வி வந்துச்சு. இந்தப் பத்தாயிரம் பேருக்கும் சாப்பாடு யாரு போடறா?

அவ்வளவுதான் கேள்வி. எழுதிப் போட்டேன். நாலு வருஷமா விளையாட்டுப் பண்றாங்க, படை சாப்பிடணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. மீசைக்கு மூணு மாசம், வயித்துக்கு ஒரு நாள் இல்ல. வாத்தியார் கூட சான்று தேடப் போயிட்டார். அப்புறம் வழக்கம்போல. ஐயா, நீங்களே செஞ்சு கொடுத்துடுங்க.

அதுல வந்ததுதான் இந்த விதிகள். கேளுங்க, எளிசு. ஒரு வண்டி இருபது மூட்டை இழுக்கும். இழுக்கற மாடு ரெண்டும் சாப்பிடணும், ஓட்டறவனும் சாப்பிடணும். போகப் போக வண்டி தன்னையே தின்னுக்கிட்டு போகுது. பதினஞ்சு நாள்ல பாதி காலி. திரும்பி வரவும் தீனி வேணுமே? அப்ப பன்னெண்டு நாளைக்கு மேல எந்தப் படையும் கிடங்கை விட்டு நகர முடியாது. நகர்ந்தா செத்தான். மேல போகணும்னா முதல்ல அங்க ஒரு கிடங்கு கட்டணும். கிடங்கு கட்டணும்னா அந்த ஊர்க்காரன் தானியம் கொடுக்கணும். கொடுக்கணும்னா அவன் வயலைக் கொளுத்தக் கூடாது. புரியுதா? கத்தி எடுத்துக்கிட்டு வந்தவனை உக்கார வச்சு மூட்டை எண்ண வச்சாச்சு.

அதோட விட்டுதா? எலி இருக்கு. ஈரம் இருக்கு. தானியம் மழைக்காலத்துல ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். வெயில் காலத்துல எடுத்துவச்சு மழைக்காலத்துல எடை போட்டுக் கொடுத்தா மூட்டைக்கு ரெண்டு கை மிச்சம். அந்த ரெண்டு கையைத் திருடறவன்தான் கிடங்குக்காரன். எந்த ராஜாவும் அவனைப் பிடிக்க முடியாது, கணக்கு சரியா இருக்கும். இது எந்த வரலாத்துப் புஸ்தகத்துலயும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் கிடங்குல நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

என்ன? நான் சர்வேயர்தான். முப்பத்தஞ்சு வருஷம்னுதான் சொன்னேன். வீட்டுக்காரிதான் கிடங்குல இருந்தா, தானியக் கிடங்கு மேற்பார்வை. வீட்டுல பேச்சு வரும்ல? காதுல விழும். ரொம்பக் கூர்மையா கேக்கறீங்க நீங்க. வக்கீலுங்கறது சரிதான்.

இருங்க, முடிக்கலை.

விதிகள் வந்ததும் மீசை எழுதினான்: ஐயா, நீங்க மேதை. வாத்தியார் எழுதினார், இதுக்குச் சான்று இருக்குன்னு. ஏழு வருஷத்துல அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆடறவங்க பசித் தாத்தான்னு பேரு வச்சாங்க எனக்கு. எங்கெங்கயோ இருந்து எழுதறாங்க. தாத்தா, என் படை பதினாலாவது நாள் செத்துப் போச்சு, என்ன பண்றது? வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லலாம். பொய். நல்லா இருந்துச்சு. ரிட்டயர் ஆனவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல வக்கீலம்மா. மருமகன் காரை எங்க நிறுத்தறதுன்னு கூட என்னைக் கேக்க மாட்டான்.

ஆனா முக்கால்வாசிப் பேரு திட்டினான். நாங்க ராஜாவாக வந்தோம், மூட்டை தூக்க வரலைன்னான். ஒருத்தனாலயும் கடல் வரைக்கும் போக முடியலை. இந்த விதிப்படி ஆடினா ஆட்டம் முடியவே முடியாது. நிஜமாத்தான். ராஜ்ஜியம் ஒரு அளவுக்கு மேல பெருகாது, தன் பாரத்துலயே நின்னுடும். அதுதான் சரியும்கூட. ஆனா எவனுக்கு வேணும் சரி?

அப்பத்தான் உங்க கம்பெனி வந்துச்சு. எல்லாம் நல்லா இருக்கு, பசியை மட்டும் லேசாக்கிக் கொடுங்க. மீசைக்குத் தலைகால் புரியலை. என்கிட்ட வந்தான். ஐயா, நீங்க ஒருத்தர் சொன்னா எல்லாரும் கேப்பாங்க, ஒரு வழி பண்ணுங்க ஐயா.

இப்ப என்ன வச்சிருக்காங்க தெரியுமா அதுல? சொல்லவே வாய் கூசுது. ரோட்டுல மூட்டை கிடக்கும். சும்மா கிடக்காது, மின்னிக்கிட்டு கிடக்கும். தங்கம் மாதிரி. குதிரைக்காரன் போற போக்குல அது மேல ஏறிப் போனா டிங்குன்னு ஒரு சத்தம். பத்தாயிரம் பேருக்கும் வயிறு நிறைஞ்சிடும். மூட்டையை யாரு போட்டா? எந்த வயல்ல விளைஞ்சுது? எவன் முதுகுல வந்துச்சு? ஒண்ணும் கிடையாது. ரோடு போடுதாம் சோறு! த்தூ. மன்னிச்சுக்குங்க. ரெண்டு மணி நேரத்துல கடல் வரைக்கும் போயிடலாம். சின்னக் குழந்தை கூட உலகத்தைப் பிடிச்சிடும்.

வீட்டுக்காரி அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. மீசையை அவ திட்டின திட்டு இருக்கே, அவ வாயில அந்த வார்த்தையெல்லாம் இருக்குன்னு நாப்பத்திரெண்டு வருஷமா எனக்கே தெரியாது. மூட்டை தூக்கினவன் ஒருத்தனாவது இருந்தா இப்படிப் பண்ணுவானா, எந்த மடையன் யோசிச்சான் இதைன்னு கேட்டா. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். எந்த மடையனோன்னேன்.

ஆமா. அந்த இன்னொண்ணு. கீழ இருக்கறது. வாசிச்சுட்டீங்களா? சாலையில் கிடைக்கும் உணவு மூட்டை. அதுக்கு நேரா என் பேரு.

நான்தான். அவகிட்ட போய் விதியை லேசாக்கித் தான்னு கேட்டிருக்கலாம். கேட்டேன், ஒரு தடவை. மாட்டை எப்படி லேசா சாப்பிடச் சொல்றதுன்னு கேட்டா. மீசை தினம் போன் பண்றான். பசித் தாத்தா, பசித் தாத்தாங்கறான். எனக்கோ ஒரு மண்ணும் தெரியாது. மூட்டையோட எந்தப் பக்கம் வாய்னு கூடத் தெரியாது. சரின்னு உக்காந்து யோசிச்சேன், நானா, சொந்தமா. வந்தது அதுதான், மின்னற மூட்டை. ஆஹா ஐயான்னான். பத்து பேரும் கட்டைவிரலைத் தூக்கிட்டான்.

புரிஞ்சிடுச்சா? நீங்கதான் கூர்மையாச்சே. அந்தக் கேள்வியைக் கேட்டது அவ. பத்தாயிரம் பேருக்கும் யாரு போடறான்னு, டீ டம்ளரோட பின்னாடி நின்னு பாத்துட்டுக் கேட்டா. விதி முழுக்க அவளுது. மாடு, வண்டி, எலி, ஈரம், எல்லாம். பென்சில்ல நோட்டுல எழுதுவா, எனக்கு டைப் அடிக்கத் தெரியும்னு நான் அடிச்சுப் போடுவேன். மேப் போட்ட நாள்ல இருந்து அங்க என் பேருல ஒரு கணக்கு இருந்துச்சு, அதுலயே போட்டேன். முதல் நாள் நான் நினைக்கிறேன்னு ஆரம்பிச்சேன். சும்மா ஆரம்பிக்கறதுக்கு ஒரு வார்த்தை. அதுக்குள்ள மேதைன்னுட்டான். திரும்பி அவகிட்ட பிடிச்சிருக்காம்னேன். நம்ம பேரைப் போடுவாங்களான்னு கேட்டா. போடுவாங்கன்னேன். நம்மன்னுதான் கேட்டா.

இல்ல. அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பேரெல்லாம் ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் ஓடும். அவ விதிப்படி ஆடறா, அவளுக்கு ஆட்டம் என்னைக்கு முடிஞ்சுது? அஞ்சு வருஷமா ஆடறா. பதினாறு ஊருக்கு மேல போனதில்ல, போகவும் ஆசை இல்ல. பதினாறு ஊர்லயும் ஒருத்தன் பட்டினி கிடையாதுன்னு அதுலயே திருப்தி. ஆனா உங்க விளையாட்டு வெளிய வந்தா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடுமே. பேரு ஓடுமே. பெரிய எழுத்துல, பாட்டோட.

அதனாலதான் போன்ல ஐயா வீட்டுல இல்லைன்னேன். நான் போட்டா செல்லாது, அதுவும் தெரியும். அளந்தவன் நான், அடுத்தவ நிலத்தை என் பேருல எழுதிக் கொடுக்க முடியாது. கடைசியில இருக்கற அந்த மூட்டைக்கு வேணா போடறேன். என்னுது அது ஒண்ணுதான். அந்த அசிங்கம்.

அவ போடுவாளா மாட்டாளா எனக்குத் தெரியாது. போட மாட்டா. மின்னற மூட்டையைத் தூக்குன்னுதான் சொல்லுவா. உங்க கம்பெனி தூக்குமா? சரி, அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல.

கண் டாக்டர்கிட்ட போயிருக்கா. நாலு மணிக்குள்ள வந்துடுவா. அதனாலதான் அந்த நேரம் சொன்னேன். நீங்க சீக்கிரம் வந்து என்னை இவ்வளவு பேச வச்சுட்டீங்க. வெளி ஆளுங்க முன்னாடி அவ கத்த மாட்டா. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கற தைரியம். நீங்களே எடுத்துச் சொல்லிடறீங்களா? நாசூக்கா, சட்ட பாஷையில? உங்களுக்குப் பழக்கம்தானே.

மாட்டீங்களா? என் வேலையா? ம். சரிதான். நியாயம்தான்.

எங்க எழுந்திருக்கறீங்க? உக்காருங்கம்மா, உக்காருங்க. போயிடாதீங்க. படியில சத்தம் கேக்குது. செருப்பைக் கழட்டறா.

வா. வெயில்ல நடந்தா வந்தே? கண்ணுல மருந்து விட்டாங்களா? பாத்து, வாசப்படி. இங்க உக்காரு. இவங்க வக்கீலம்மா, விளையாட்டு கம்பெனியில இருந்து வந்திருக்காங்க. இல்ல, என்னைப் பாக்க இல்ல.

உன் கையெழுத்துக்காக வந்திருக்காங்க.